எஞ்சின் தலையில் ஒரு லேசர்

லேசரால் எஞ்சினைப் பற்றவைக்க முடியும் என்று 1978-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். கஷ்டம் பொறியைக் கிளப்புவதில் இல்லை. சூட்டிலும் அதிர்விலும் அந்த லேசரை உயிரோடு வைத்திருப்பதில்தான்.

ஸ்பார்க் பிளக்கின் பொறி சிலிண்டரின் மேற்சுவரை ஒட்டியே பிறக்கிறது. பிறந்த தீயின் சூட்டில் ஒரு பங்கை மின்முனைகளே உறிஞ்சிவிடும். அழுத்தம் கூடினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும், முனைகளும் சீக்கிரம் தேயும். லேசரைக் கலவையின் நடுவிலேயே குவிக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 கோடி வாட் என்ற அளவை ஒளி எட்டியதும் வாயு உடைந்து பிளாஸ்மா, அதாவது மின்னேறிய சூடான வாயு, ஆகிறது. அழுத்தம் கூடக்கூட இது சுலபமாகிறது என்பதுதான் பெரிய லாபம். எரிபொருள் குறைந்த கலவையும் நன்றாகப் பற்றும்.

சரி, முரட்டு எஞ்சினில் இதை எப்படிப் பொருத்துவது? ஆய்வக லேசரில் ஒளியைத் திருப்பியடிக்கும் கண்ணாடிகளைத் திருகுகளால் சரிசெய்து நிறுத்தியிருப்பார்கள். இம்மி விலகினாலும் லேசர் நின்றுபோகும். அதனால் திருகே இல்லாமல் செய்துவிட்டார்கள். நியோடிமியம் கலந்த யாக் (YAG) என்னும் செயற்கைப் படிகத்தோடு குரோமியம் கலந்த யாக் துண்டை ஒட்டி, இரு முனைகளிலும் கண்ணாடிப் பூச்சைப் படியவைத்தால் முழு லேசரும் ஒரே கட்டி. குரோமியப் பகுதி மடைபோல ஒளியைத் தடுத்து நிற்கும். ஓர் அளவு தாண்டியதும் தானாகவே ஒளியை விட்டுவிடும். தேங்கிய ஆற்றல் ஒரு நானோ செகண்ட் அளவில் பாய்ந்துவிடும். சுவிட்ச் எதுவும் வேண்டாம். 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர் தைராவின் குழு காட்டிய செராமிக் கட்டியின் விட்டம் 9 மி.மீ., நீளம் 11 மி.மீ.தான்!

படிகத்துக்கு ஒளி ஊட்டும் டையோடுதான் சூட்டுக்குப் பயந்தது. ஒரு டிகிரி ஏறினால் அதன் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். படிகமோ 808 நானோமீட்டரை ஒட்டியே நன்றாக உறிஞ்சும். ஆகவே டையோடைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒளியை மட்டும் ஃபைபர் வழியே அனுப்புகிறார்கள். லேசரையும் அங்கேயே வைத்து அதன் மெகாவாட் துடிப்பை அனுப்பினால், அது சாதாரண ஃபைபரையே சிதைத்துவிடும். ஊட்டும் ஒளி சில நூறு வாட்தான், தாராளமாகப் போகும்.

அப்புறம் லேசர் ஒளி நுழைய எரியறையைப் பார்த்திருக்கும் சஃபையர் (நீலக்கல் வகைப் படிகம்) ஜன்னல். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு மணிக்கு 90,000 வெடிப்புகள். அத்தனை புகையும் அந்த ஜன்னலில்தான் படியும். கரியை லேசர் துடிப்பே சுட்டு உதறிவிடுகிறது. எஞ்சின் ஆயிலின் சாம்பல் அவ்வளவு சுலபத்தில் போகாது. ஒளியின் செறிவைக் கூட்டினால் சாம்பல் கழலும், கூடவே ஜன்னலும் கீறல் விடும். அந்த இடைவெளிக்குள் செறிவை நிறுத்துவதுதான் வடிவமைப்பில் மிக நுணுக்கமான வேலை என்பேன்.