விளக்கு எரிகிறது, கேம் ஓடவில்லை

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன், அங்கே யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கியதாகச் சொல்லி ஒரு நின்டெண்டோ டிவி கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சாம்பல் நிறம், முன்னால் திறந்து மூடும் கதவு, பார்க்க விசிஆர் போல இருக்கும். 1985-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த என்.இ.எஸ். (நின்டெண்டோ எண்டர்டெயின்மென்ட் சிஸ்டம்) அது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு அடாப்டர். எனக்கு அவசரம். பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே, ஒரு மாற்றுப் பின் போட்டு அடாப்டரைச் சுவரில் செருகிவிட்டேன். ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல், பிறகு வார்னிஷ் கருகும் வாசனை. அடாப்டரின் முதுகில் 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

இன்றைய செல்போன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்ளும். அந்தக் கால அடாப்டர் அப்படியில்லை. உள்ளே இருப்பது இரும்புப் பட்டைகளைச் சுற்றிய இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் மட்டும்தான். 120 வோல்ட்டுக்காகச் சுற்றிய சுருளுக்கு நம் வீட்டு 230 வோல்ட்டைக் கொடுத்தால், இரும்பு தாங்கக்கூடிய காந்தப் புலம் நிறைந்து வழிந்துவிடும். அதற்குமேல் சுருளால் மின்னோட்டத்தைத் தடுக்க முடியாது. கம்பி கொதித்து, மேலிருக்கும் வார்னிஷ் பூச்சு எரியும். உறுமலுக்கும் வாசனைக்கும் அதுதான் காரணம்.

செத்துப்போன அடாப்டரைத் தூக்கி எறியாமல் அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்தேன். வெளியீடு 9 வோல்ட், 1.3 ஆம்பியர். அதற்குப் பக்கத்தில் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் என்று இருந்தது. பழைய டிவி கேம் பெட்டிகளில் இது அபூர்வம். பெரும்பாலானவை ஒரே திசையில் ஓடும் டிசி கேட்கும். இதே நிறுவனம் 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், உள்ளே கிட்டத்தட்ட இதே சில்லுகளைக் கொண்டது. ஆனால் அதற்கு 10 வோல்ட் டிசி வேண்டும், அதுவும் முள்ளின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். என்.இ.எஸ். அடாப்டரின் முள்ளை ஃபேமிகாமில் செருகினால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அப்படிச் செருகிப் பெட்டியைக் கொன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஏசியை டிசியாக மாற்றும் பகுதி ஃபேமிகாமுக்குள் இல்லவே இல்லை.

தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவி கேம் என்று விற்றவை பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். 3, 4.5, 6, 9, 12 என்று வோல்ட்டை நகர்த்தி வைக்கும் அடாப்டரும், பிளஸ் மைனஸை மாற்றிச் செருகும் முள்ளும் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்த தம்பிகள் அதைத் திருப்பி மாட்டியே எத்தனை பெட்டிகள் போயின!

என்.இ.எஸ். அந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பெட்டி. மின்சாரம் நுழைந்ததும் முதலில் சந்திப்பது நான்கு டயோடுகள் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுபவை) சேர்ந்த பிரிட்ஜை. எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் ஒரே பக்கம் சுழலும் ராட்டினம் போல, அது ஏசியின் இரண்டு திசைகளையும் ஒரே திசையாக்கிவிடும். டிசி கொடுத்தாலும் ஏற்கும், தலைகீழாகக் கொடுத்தாலும் ஏற்கும். சென்னை ரிச்சி தெருவில் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, முள் பத்தவைத்து மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் படமும் வந்தது. ஆனால் குறுக்கே ஒன்றிரண்டு மங்கலான பட்டைகள் இடம் மாறி மாறிப் படபடத்துக்கொண்டே இருந்தன. மூன்று நிமிடத்தில் கேம் உறைந்து நின்றது. விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுவோம். விளக்கு எரிகிறதே, பவர் சரியாகத்தான் வருகிறது என்று முடிவுகட்டிவிட்டு வேறெங்கோ தேடுவோம். ஒரு சிவப்பு எல்இடி எரிய 2 வோல்ட்கூட வேண்டாம். உள்ளே இருக்கும் சில்லுகளுக்கோ 5 வோல்ட் வேண்டும், அதுவும் சுமார் 4.75-க்குக் கீழே இறங்காமல். இந்த இடைவெளிக்குள் எத்தனையோ கோளாறுகள் ஒளிந்துகொள்ளலாம். மின்சாரம் கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான் அந்த விளக்கு சொல்லும் சேதி.

பிரிட்ஜைத் தாண்டியதும் மின்சாரம் ஒரே திசையில் போகும், ஆனால் அலை அலையாக. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 மேடு, 100 பள்ளம். அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்குத்தான் 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று நிற்கிறது. கடைக்காரர்கள் அதைக் கண்டென்சர் என்பார்கள். வேலை ஓவர்ஹெட் டேங்க் மாதிரி. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 9 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 12.7 வோல்ட். இரண்டு டயோடுகள் சேர்ந்து 1.4-ஐ எடுத்துக்கொள்ள, மிச்சம் 11.3. பெட்டி 0.7 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மேடு வர 10 மில்லிநொடி. அதற்குள் கெபாசிட்டரில் அதிகபட்சம் 3.2 வோல்ட் இறங்கும், 8.1 மிஞ்சும். அடுத்து நிற்பது 7805, வோல்ட்டை 5-லேயே நிறுத்திவைக்கும் ரெகுலேட்டர். அதற்கு 5 வோல்ட் கொடுக்க உள்ளே ஏறக்குறைய 7 வோல்ட் வர வேண்டும். 8.1 இருப்பதால் பிரச்சினை இல்லை.

இப்போது அந்தக் கெபாசிட்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து, கொள்ளளவு 1000-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அதே 10 மில்லிநொடியில் 7 வோல்ட் இறங்கும், மிஞ்சுவது 4.3. ரெகுலேட்டர் கையை விரித்துவிடும். நொடிக்கு நூறு முறை சில்லுகளுக்குப் பசி. நிஜத்தில் இவ்வளவு ஆழமாக இறங்காது, அடுத்த மேடு கொஞ்சம் முன்னதாகவே தாங்கிப் பிடித்துவிடும். ஆனாலும் கேம் உறைவதற்கு அது போதும். திரையில் படபடத்த பட்டைகளும் இந்தப் பள்ளங்கள்தான். படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது, பள்ளம் 100 முறை வருகிறது. ஒவ்வொரு படத்திலும் பள்ளம் வேறு இடத்தில் விழுவதால் பட்டை இடம் மாறி மாறித் தெரியும்.

மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்தால் இது பிடிபடாது. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். எனக்கு 4.8 காட்டியது. ஏசிக்கு மாற்றி அதே 5 வோல்ட் கம்பியில் வைத்தேன், அரை வோல்ட்டுக்கு மேல் ஆடியது. நல்ல நிலையில் சில மில்லிவோல்ட்தான் இருக்க வேண்டும். கெபாசிட்டரை மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. மாற்றும்போது மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பாருங்கள். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

ரெகுலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7805 மிச்ச வோல்ட்டைச் சூடாக மாற்றித்தான் கழிக்கும். உள்ளே சராசரியாக 10 வோல்ட் வந்து 5 வெளியே போனால், 0.7 ஆம்பியரில் 3.5 வாட் சூடு. அதற்காகத்தான் அது ஒரு அலுமினியத் தகட்டில் திருகாணி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தகட்டுக்கும் அதற்கும் நடுவே தடவிய பசை காய்ந்துவிட்டால், அளவுக்கு மேல் சூடாகி அது தானாகவே அணைந்துகொள்ளும். ‘பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் நின்னுடுது, ஆறவிட்டா மறுபடி ஓடுது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விளக்கே எரியவில்லை, ரெகுலேட்டர் மட்டும் கொதிக்கிறது என்றால் 5 வோல்ட் பாதையில் எங்கோ ஷார்ட். பெட்டியை அணைத்துவிட்டு அந்தப் பாதைக்கும் மைனஸ் பக்கமான கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் ஒன்றிரண்டுதான் காட்டும். எந்தச் சில்லு குற்றவாளி என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் பலகையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி, சில நொடிகள் மட்டும் பவர் கொடுப்பார்கள். எங்கே முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு.

என் பெட்டிக்கு வருகிறேன். பட்டைகள் போயின, ஆனால் மறுநாள் புதுச் சேட்டை. விளக்கு நொடிக்கு ஒரு முறை மினுக் மினுக் என்று எரிந்து அணைந்தது. பவர் விட்டுவிட்டு வருகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 5.02 வோல்ட், அசையவில்லை.

மினுக்குவது காவல்காரன். என்.இ.எஸ்.ஸில் 10என்.இ.எஸ். என்றொரு பூட்டுச் சில்லு உண்டு, ஒவ்வொரு கேசட்டிலும் அதன் ஜோடி இருக்கும். இரண்டும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட்டு விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். விடை பொருந்தாவிட்டால் பெட்டியை ரீசெட் செய்துகொண்டே இருக்கும், விளக்கும் கூடவே துடிக்கும். அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு. ஆனால் கேசட் உட்காரும் 72 பின் கனெக்டரில் இந்தச் சில்லுகள் பேசிக்கொள்ளும் பின்களில் ஒன்று அழுக்கேறினாலும் கேள்வி போகாது, விடை வராது. நல்ல கேசட்டும் திருட்டுக் கேசட்டாகிவிடும். இதனால் வந்த தலைவலியோ என்னவோ, 1993-ல் வந்த புது வடிவத்தில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள்.

எல்லோரும் செய்த வைத்தியம் கேசட்டில் வாய்வைத்து ஊதுவது. ஊதியதால் சரியானதாக நினைத்தோம், உண்மையில் கழற்றி மாட்டியதால்தான் சரியானது. ஊதும்போது தெறித்த எச்சில் செம்பில் பச்சை பிடிக்கவைத்ததுதான் மிச்சம். நான் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கேசட்டின் விளிம்பைத் துடைத்தேன். பஞ்சு கரிக்கட்டை போலக் கறுத்தது. நான்காவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. செருகினேன், விளக்கு அசையாமல் நின்றது.

அக்கா மகன் பரணிலிருந்து என் பழைய மஞ்சள் கேசட் ஒன்றை எடுத்துவந்து, ‘மாமா, இதைப் போடு’ என்கிறான். அது ஃபேமிகாம் வகை, 60 பின். மாற்றி மாட்டும் பலகை கிடைக்கும், ஆனால் அந்தக் கேசட்டுக்குள் காவல்காரனின் ஜோடி இல்லை. பெட்டியின் பூட்டுச் சில்லில் நான்காவது காலை வெட்டி கிரவுண்டோடு இணைத்துவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். கட்டிங் பிளேயர் மேசைமேல் இருக்கிறது. நாற்பது வருடம் முழுசாக இருந்த பெட்டியை வெட்ட இன்னும் மனசு வரவில்லை.