கொழுகொழுவென்று வளர்ந்தும் காய்க்காத தட்டைப்பயறு

தோட்டக்கலை அலுவலராக மாடித்தோட்டங்களைப் பார்க்கப் போகும்போது, தட்டைப்பயறு (சென்னைக்காரர்களுக்குக் காராமணி) பற்றி நான் அதிகம் கேட்பது ஒரே புகார்தான். கோவையில் ஓர் அம்மா சொன்னார்: "செடி கொழுகொழுன்னு ஏறுது சார், பூவே வரல."

"என்ன உரம் வெச்சீங்கம்மா?"

"வாரா வாரம் மீன் அமிலம் (மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவெச்ச கரைசல்). மாட்டெரு ரெண்டு கை. போன மாசம் கொஞ்சம் யூரியா."

ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். வேரில் முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. பயறுச் செடியின் வேரில் குடியேறும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்த முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நாம் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடிக்கு இந்தக் கூட்டாளியின் தயவு தேவைப்படாது. முடிச்சு குறைந்துவிடும், இலையும் கொடியும்தான் மிஞ்சும். நிழலில் வைத்தாலும் இதே கதிதான். நடும்போது மண்ணோடு கலந்த மட்கிய எரு போதும். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது.

விதை வாங்க அலைய வேண்டாம். மளிகைக் கடைப் பயறே முளைக்கும். சந்தேகமென்றால் 10 பயறை ஈரத்துணியில் மூடி வையுங்கள். மூன்று நான்கு நாளில் குறைந்தது எட்டு பயறு முளைவிட்டால் தைரியமாக விதைக்கலாம். என்ன, அது குத்துச்செடியா கொடியா என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். தெரிந்த ரகம்தான் வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ரகங்களைக் கேட்டு வாங்கலாம். இரவெல்லாம் ஊறப்போட வேண்டியதில்லை; ஊறிப் பிளந்த விதை மண்ணில் அழுகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் அங்குல ஆழத்தில் நேராக ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும். மண்ணின் மேற்பரப்பு காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும்.

இனி அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கொழுந்திலும் பூங்காம்பிலும் கறுப்பு எள் ஒட்டியதுபோல் அப்பியிருக்கும். பின்னாலேயே எறும்பு வரிசை. எறும்பு செடியைத் தின்ன வருவதில்லை. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக வருகிறது. அதற்காக அசுவினியைத் தின்னும் பூச்சிகளையும் விரட்டிவிடுகிறது. இதைப் பார்த்ததும் பதறிப்போய் உரக்கடையில் கொடுக்கிற மருந்தை வாங்கித் தெளித்துவிட்டு, மறுநாளே காய் பறித்துப் பொரியல் செய்கிறார்கள். பிஞ்சுக் காயை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கிற செடி இது. மருந்து தெளித்துக் காத்திருக்க வேண்டிய நாட்களுக்கு இங்கே இடமே இல்லை.

முதலில் விரலால் தேய்த்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பாதி உதிர்ந்துவிடும். மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல். இலையின் அடியில் படுமாறு மாலையில் அடியுங்கள். பூ காலையில் விரிந்து உச்சிக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் தேனீ வரும் என்பதால்தான் மாலை என்கிறேன். பொறிவண்டின் புழு முதலைக்குட்டிபோல் அவலட்சணமாக இருக்கும். அதுவும் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள், அசுவினியைத் தின்று தீர்ப்பதே அதுதான். இலை பச்சையும் மஞ்சளும் கலந்து சுருங்கினால் அது வைரஸ் நோய். மருந்து கிடையாது. பிடுங்கிவிடுங்கள், அந்தச் செடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

விதைக்கு விடும் காய் செடியிலேயே சலசலக்கக் காய வேண்டும். சேமித்த பயறில் ஓட்டை போடும் வண்டு, வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடும். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளிருந்தே பொரிக்கும். பயறை நன்றாக வெயிலில் காயவைத்து ஆறவிட்டு, சமையலுக்கானதில் சில சொட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள். விதைக்கு எடுத்து வைப்பதை அடுப்புச் சாம்பலில் புரட்டினால் போதும்.