ஹேப்பன், அக்கர், டேக் பிளேஸ்: எல்லாமே ‘நடந்தது’தானா?

அகராதியைப் புரட்டினால் இந்த மூன்று ஆங்கில வினைகளுக்கும் (happen, occur, take place) ‘நிகழ்’, ‘நட’ என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி, ‘கூட்டம் ஹேப்பன் ஆனது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால், யாரும் கூட்டாமல் கூட்டம் தானாகவே கூடிவிட்டது போன்ற தொனி வந்துவிடும்.

காரணம் வேரில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹேப்’ என்றால் அதிர்ஷ்டம். ஹேப்பன், ஹேப்பி, ‘ஒருவேளை’ என்னும் பொருள் தரும் பர்ஹேப்ஸ், சிறு விபத்தைக் குறிக்கும் மிஸ்ஹேப் எல்லாம் அதன் வழி வந்தவை. ஆகவே எதிர்பாராமல் வந்து சேர்வதே ஹேப்பன். ‘அவரைப் பார்க்க நேர்ந்தது’ என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் இந்த வினையை வைத்தே சொல்வார்கள். ஒருவரைச் சுட்டி ‘அவருக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்பதும் இதே வினையால்தான். அங்கே ‘என்ன நிகழ்ந்தது?’ என்று மொழிபெயர்ப்பவர்களை என்ன சொல்ல!

திட்டமிட்டு, நாள் குறித்து நடப்பவற்றுக்கு டேக் பிளேஸ் பொருந்தும். தேர்தல், திருமணம், மாநாடு எல்லாம் இதில் அடங்கும். தமிழில் ‘நடைபெறு’ என்பதே இதற்கு நேரானது. செய்திகளில் ‘விபத்து நடைபெற்றது’ என்று படிக்கும்போதெல்லாம், அதற்கு அழைப்பிதழ் அச்சடித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. விபத்து நேரும், நிலநடுக்கம் ஏற்படும், கிரகணம் நிகழும், மாநாடுதான் நடைபெறும்.

அக்கர் சற்று விறைப்பான சொல். அறிவியல் கட்டுரைக்கும் காவல்துறை அறிக்கைக்கும் ஏற்றது. லத்தீனில் இதன் மூலத்துக்கு ‘எதிரே ஓடிவருதல்’ என்று பொருள். நம் ‘நேர்’ என்னும் வினைக்கும் எதிர்ப்படுதல், சம்பவித்தல் என்ற இரு பொருளும் உண்டு. தொடர்பே இல்லாத இரு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன. ஆனால் அக்கர் வருமிடமெல்லாம் ‘நேர்’ போட முடியாது. மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தால் அது ‘தோன்றியது’. ஒரு கனிமம் குறிப்பிட்ட பாறைகளில் அக்கர் ஆகிறது என்றால், அங்கே ‘காணப்படுகிறது’ என்று பொருள். ‘பாறையில் கனிமம் நிகழ்கிறது’ என்று எழுதினால் வாசகர் பாறையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

‘நிகழ்’ நம்மிடம் மிகப் பழைய சொல். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று முக்காலத்தைத் தொல்காப்பியமே பிரிக்கிறது; நிகழ்காலம் என்ற இன்றைய பெயர் அந்த வழியில் வந்தது. ‘சம்பவி’ வடசொல், ‘சம்பவம்’ என்ற பெயர்ச்சொல்லாகவே இன்று அதிகம் புழங்குகிறது.

இலக்கணத்தில் ஓர் எச்சரிக்கை போதும். மூன்றுமே செயப்படுபொருள் குன்றிய வினைகள். செயப்பாட்டு வடிவம் இவற்றுக்குக் கிடையாது. அதனால் ஹேப்பனுக்கு முன்னால் ‘வாஸ்’ சேர்த்து இறந்தகாலம் ஆக்குவது பிழை. ‘நடத்தப்பட்டது’ என்று சொல்ல வேண்டுமானால் ‘ஹெல்ட்’ என்ற வேறு வினை இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் தவறாகச் சேர்க்கப்படும் இன்னொன்று டிரான்ஸ்பயர் (transpire). லத்தீனில் ஊடாக மூச்சுவிடுதல் என்பது இதன் மூலப்பொருள். இலைகளிலிருந்து நீராவி வெளியேறுவதற்கும் இதுவே சொல். அதிலிருந்து, மறைவாக இருந்த விஷயம் மெல்ல வெளிவருதல் என்ற பொருள் வந்தது. பின்னர்தான் வெறும் ‘நடந்தது’ என்ற பொருளிலும் எழுதத் தொடங்கினார்கள். பழைய மொழிநடைக் காவலர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள், இன்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ‘விசாரணையில் தெரியவந்தது’ என்ற செய்தி வழக்கு இதற்குக் கச்சிதம். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால், ‘செய்தி கசிந்தது’.