தன்னுடலுணர்வு: புரோப்ரியோசெப்ஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல்

கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். விரல் தடுமாறாமல் போய்ச் சேரும். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே அறியும் இந்தப் புலன்தான் புரோப்ரியோசெப்ஷன். தசை, தசைநாண், மூட்டு மூன்றிலும் உள்ள உணர்விகள் இழுவையையும் அசைவையும் ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் வகுத்த பெயர் இது. லத்தீனில் புரோப்ரியஸ் என்றால் ‘தனக்கே உரிய’. பின்பாதி, உணர்வியைக் குறிக்கும் ‘ரிசெப்டர்’ என்பதன் துண்டு.

இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேன் 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே இந்த உணர்வை முழுவதும் இழந்தார். தசைகளில் வலு இருந்தும் எழ முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்தே அசைக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

இன்று நாம் கண்ணுக்கு வேலையைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பழைய பட்டன் போனில் 5ஆம் எண் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். பார்க்காமலே எண் அழுத்தலாம். தொடுதிரையின் வழவழப்பில் விரலுக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை, பார்வையை எடுக்க முடிவதில்லை. தலை குனிந்திருப்பதைக் கழுத்துத் தசைகள் அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. மண்டையோட்டை ஒட்டிய சிறு தசைகளில் இந்த உணர்விகள் மிக அடர்த்தி. ஆனால் கவனம் முழுக்கத் திரையில் இருப்பதால், கழுத்து வலித்த பிறகே நமக்குச் சேதி வந்து சேர்கிறது. எனக்கு இது கவலை தருகிறது, குழந்தைகளைப் பார்க்கும்போது கூடுதலாக.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று எண்ணுகிறது குறள். அதில் மெய்க்கு உரியது ஊறு, அதாவது தொடுவுணர்வு மட்டும். ‘மெய்யுணர்வு’ அழகான சொல், ஆனால் குறளின் மெய்யுணர்தல் அதிகாரம் உண்மையை உணர்வதைப் பற்றியது. ‘தன்னுணர்வு’ மனம் சார்ந்த பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘உடல்நிலை உணர்வு’ என்றால் காய்ச்சல், சளி நினைவுக்கு வரும். அதனால் ‘தன்னுடலுணர்வு’ என்பதே பொருந்தும் என்பேன், அதை உணரும் உணர்விக்குத் ‘தன்னுடலுணர்வி’. “கால் சுளுக்கியதில் தன்னுடலுணர்வு மந்தமாகியிருக்கிறது, ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்” என்று இயன்முறை மருத்துவர் சொன்னால் யாருக்கும் புரியும்.