அர்பன் டிசைனர் ஆக எந்த வழியில் போகலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் சமயத்தில் அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி எனக்குத் தவறாமல் வருகிறது: “பொண்ணுக்கு அர்பன் டிசைன்தான் வேணுமாம் சார், எந்தக் காலேஜ்ல சேர்க்கிறது?” பெங்களூரில் இந்தத் தொழிலைச் செய்பவன் என்ற முறையில் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டுக் கட்டணம் கட்டிவிட்டு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இருப்பதில்லை.

அர்பன் டிசைன், அதாவது தெருக்களையும் பொது இடங்களையும் வடிவமைக்கும் துறை, நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டாவது பட்டம். ஓரிரு இடங்களில் இளநிலையிலேயே தொடங்கியிருக்கிறார்கள் என்றாலும், வேலைக்கு எடுப்பவர்கள் இன்னமும் முதுநிலையைத்தான் கேட்கிறார்கள். வழக்கமான பாதை ஐந்து வருட பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை), அதன்மேல் இரண்டு வருட எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுநிலை) அர்பன் டிசைன். பி.ஆர்க்.குக்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வோ, ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாளோ எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காமல் இந்தக் கதவு திறக்காது. முதுநிலைக்கு டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) போன்ற இடங்களில் கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் பார்ப்பார்கள். அதில் கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் தனித் தாள் இருக்கிறது.

பெற்றோர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். அர்பன் டிசைனர் என்ற பெயருக்கு அப்படி ஒரு காவல் இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் பட்டத்தின் பெயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அடியில் இருக்கும் பி.ஆர்க். கவுன்சில் அங்கீகரித்ததா என்று அவர்களுடைய இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடிப் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களும் கேட்கிறார்கள். எம்.ஆர்க். உங்களுக்கு இல்லை. எம்.பிளான், அதாவது நகரத் திட்டமிடல் முதுநிலை, உண்டு. சிவில் மட்டுமல்ல, புவியியலும் பொருளாதாரமும் சமூகவியலும் படித்தவர்களையும் திட்டமிடல் துறை சேர்த்துக்கொள்கிறது. நவி மும்பை என்ற புதிய நகரத்துக்கான யோசனையை 1960களின் நடுவில் முன்வைத்த மூவரில் சார்லஸ் கொரியாவும் பிரவீணா மேத்தாவும் ஆர்க்கிடெக்டுகள், மூன்றாமவர் ஷிரிஷ் படேல் சிவில் இன்ஜினியர். மும்பையின் கெம்ப்ஸ் கார்னர் மேம்பாலத்தை வடிவமைத்தவரும் அவரே. அரசின் நகரமைப்புத் துறை வேலைதான் குறி என்றால் திட்டமிடல் பட்டமே கைகொடுக்க வாய்ப்பு அதிகம். பணி அறிவிப்பில் எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, இவ்வளவும் படித்து என்னதான் செய்கிறோம்? ரெசிடென்சி ரோடிலோ கன்னிங்ஹாம் ரோடிலோ ஒரு காலை நடந்து பாருங்கள். டெண்டர்ஷ்யூர் என்ற பெங்களூர் சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் மாற்றியமைத்த சாலைகள் அவை. அகலமான நடைபாதை கண்ணில் படும். அதற்கு அடியில் நடந்த வேலை கண்ணில் படாது. குடிநீர், கழிவுநீர், மழைநீர், மின்சாரம், கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பழுது வந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், ரோட்டைத் தோண்டக் கூடாது என்பது நோக்கம். வண்டி ஓடும் பகுதியை ஒரே சீரான அகலத்தில் வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். சாலை ஓரிடத்தில் விரிந்து இன்னோரிடத்தில் சுருங்கினால், சுருங்கும் இடத்தில்தான் நெரிசல் கட்டுகிறது.

இதில் குடிநீர் வாரியம், மின் விநியோகம் செய்யும் பெஸ்காம், நகரப் பேருந்துகளை ஓட்டும் பி.எம்.டி.சி., போக்குவரத்துப் போலீஸ், மாநகராட்சி என எல்லோருக்கும் ஒரு சொல் உண்டு. இவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு குறுக்குவெட்டு வரைபடம் (சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எது எங்கே இருக்கும் என்று காட்டுவது) தயாராவதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. நடப்பவருக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று, சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தன் 103ஆம் எண் வழிகாட்டியில் சொல்கிறது. தாளில் இது எளிது. தரையில் அந்த 1.8 மீட்டருக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், பெரிய மழைமரம் ஒன்றும், வீட்டு கேட்டுக்கு ஏறும் சரிவும் நிற்கும். எதை நகர்த்தலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்குவம் வகுப்பறையில் முழுதாக வராது.

பிறகு மனிதர்கள். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது பூ விற்கும் அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, இதை அகலமாக்கினா எங்களைத் தூக்கிருவாங்களா?” அவருக்குப் பதில் சொல்ல 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை வியாபாரிகளை அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. இதைப் படிக்காத ஒரு டிசைனர் அவருடைய கூடைக்கு வரைபடத்தில் இடமே விடமாட்டார். அழகான மரப்பெட்டிச் செடிகள் வரைந்திருப்பார். இது எனக்கு உண்மையாகவே கோபம் தரும் விஷயம். ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம் அந்தக் கூடை இருக்கும் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது.

அதனால் மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது: பி.ஆர்க். முடித்த கையோடு முதுநிலைக்கு ஓடாதீர்கள். இரண்டு வருடமாவது வேலை பாருங்கள், அதுவும் தெருவுக்குப் போக வைக்கும் அலுவலகத்தில். டெண்டர் ஆவணம் எப்படி இருக்கும், ஒப்பந்தக்காரர் எங்கே கைவைப்பார், வார்டு கூட்டத்தில் மக்கள் எதற்குக் குரல் உயர்த்துவார்கள் என்று தெரிந்தபின் எம்.ஆர்க். வகுப்பில் உட்கார்ந்தால், அதே பாடம் வேறு மாதிரி உள்ளே போகும். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் இந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சம்பளம் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். தொடக்கத்தில் ஐ.டி.யில் சேர்ந்த நண்பர்களைவிடக் குறைவாகவே வரும். ஏழு வருடப் படிப்புக்குப் பெரிய கடன் வாங்குவதற்கு முன் வீட்டில் இதை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேலை கிடைக்கும் இடங்கள் பலவிதம்: தனியார் ஆலோசனை நிறுவனங்கள், மெட்ரோ நிலையங்களைச் சுற்றிய பகுதிகளுக்கான திட்டங்கள், தன்னார்வ அமைப்புகள், கல்லூரி ஆசிரியர் பணி.

நேர்முகத் தேர்வுக்கு வருபவர்கள் போர்ட்ஃபோலியோவில் கம்ப்யூட்டரில் செய்த மினுமினுக்கும் படங்களை நிரப்புகிறார்கள். நான் முதலில் தேடுவது அளவெடுத்த ஒரு தெரு. உங்கள் வீட்டுத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். டேப் போதும். மரம், கம்பம், சாக்கடை மூடி, தள்ளுவண்டி, திண்ணை எல்லாவற்றையும் குறியுங்கள். காலை எட்டு மணிக்கு யார் நடக்கிறார்கள், இரவு எட்டுக்கு யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், பெங்களூரில் வேலை செய்வதாக இருந்தால் கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தெருவில் உங்களுக்கு விவரம் சொல்லப்போகிறவர்களில் பலர் அந்த மொழியில்தான் பேசுவார்கள்.