லைட் எரிகிறது, வான் ஏன் எழும்பவில்லை?

"லைட் நல்லா எரியுது மனே, ஹோர்னும் அடிக்குது. பிறகு ஏன் ஸ்ராட் ஆகுதில்ல?"

மட்டக்களப்புக் கல்லடியில் மாமாவின் பழைய டொல்பின் வான் மார்கழி மழையோடு படுத்துக்கொண்டபோது அவர் கேட்டது இது. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி போய்விட்டது என்று கராஜில் சொன்னார்கள். புதிது வாங்கிப் போட்டார். புதுப் பற்றரியின் பலத்தில் இரண்டு நாள் ஓடியது, அப்புறம் மறுபடியும் 'டிக்'.

லைட் எரிந்தால் பற்றரியும் வயரும் சரி என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் முன் லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 10 அம்பியர். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டர் மோட்டரோ 300 அம்பியர் வரை கேட்கும். 2013இல் புதுப்பாலம் திறக்கும் வரை பழைய கல்லடிப் பாலத்தால் போய்வந்தவர்களுக்கு இது விளங்கும். நடுச்சாமத்தில் தனியே மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அது ஒடுங்கிய பாலம் என்றே தெரியாது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

வானில் அந்த ஒடுக்கம் ஒரு துருப்பிடித்த இணைப்பு. அதன் தடை 0.01 ஓம் என்று வையுங்கள். மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கி வருவது. லைட்டுக்கு 0.1 வோல்ட்டுதான் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. ஸ்ராட்டருக்கு 3 வோல்ட்டு! பற்றரியின் அழுத்தமும் அந்த நேரத்தில் இறங்கும் என்பதால் மோட்டருக்கு மிஞ்சுவது போதாது. அந்த ஓட்டம் முழுதாகப் பாய்ந்தால் இணைப்பில் 900 வாற்று வெப்பமாகும், கிட்டத்தட்ட ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி. அதனால்தான் அனுபவமுள்ள பாஸ்மார் சில விநாடி திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு முனைகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். சுடுகிற இடத்தில்தான் கோளாறு.

சத்தமும் ஒரு சாட்சி. ஸ்ராட்டரின் தலையிலுள்ள சொலனொயிட் ஒரு மின்காந்தம். அது இழுத்ததும் உள்ளே தடித்த செப்புத் துண்டுகள் சேர்ந்து மோட்டருக்கு ஓட்டத்தை விடும். 'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் பெரும்பாலும் பற்றரி இறங்கியிருக்கிறது: மோட்டர் இழுத்தவுடன் அழுத்தம் விழும், காந்தம் விட்டுவிடும், அழுத்தம் ஏறும், திரும்பப் பிடிக்கும். ஒரே ஒரு 'டிக்' என்றால் செப்புத் துண்டு தேய்ந்திருக்கலாம், மோட்டர் இறுகியிருக்கலாம், இணைப்பும் கெட்டிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் பியூஸ், திறப்புச் சுவிச் பக்கம் போங்கள்.

முதலில் பற்றரியை அளந்தேன். 12.6 வோல்ட்டு, நிறைந்த பற்றரி. மல்ரிமீற்றரை ஓமில் வைத்து வயரைச் சோதிப்பது வீண்வேலை, 0.01 ஓமைச் சாதாரண மீற்றர் காட்டாது. வேலை வாங்கும்போதுதான் அளக்க வேண்டும். மீற்றரை 20 வோல்ட்டில் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட்பிரேக்கையும் போட்டு மாமாவைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். பற்றரியின் நேர் முனைக்கும் ஸ்ராட்டரின் தடித்த வயர் முனைக்கும் இடையில் 0.3. பரவாயில்லை, 0.5க்குள் இருந்தால் போதும். அடுத்து எதிர் முனைக்கும் எஞ்சினின் வெறும் இரும்புக்கும் இடையில்: 2.6!

எஞ்சின் இறப்பர்மேல் குந்தியிருப்பது. ஓட்டம் பற்றரிக்குத் திரும்ப ஒரு ஏர்த் வயர் வேண்டும். அதை யாரும் கவனிப்பதில்லை. வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம் இருக்கிற ஊரில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து நட்டுக்கு அடியில் வைத்திருக்கும். மேலே பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருந்தது. கழற்றினால் அடியில் செந்துரு, பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செப்பு உப்பு.

பற்றரியின் எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டுத்தான் இதில் கைவைக்க வேண்டும். நேர் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பனர் வானின் இரும்பு உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். இரண்டாம் தரம் அளந்தபோது 0.15. அதைப் பார்த்து முடிக்கவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மாமாவுக்குச் சந்தோசம்தான். ஆனால் பழைய பற்றரியைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிட்டதை நினைத்து அன்று பின்னேரம் முழுக்க என்னோடு பேசவில்லை.