சிறிய பைனாகுலர், நனையாத பைனாகுலர்: உள்ளே நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வலசைப் பறவைகள் செப்டம்பர் வாக்கில் வரத் தொடங்குகின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. கோடிக்கரையில் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக இறங்குவதும், பள்ளிக்கரணையில் வாத்துகள் சேர்வதும், வேடந்தாங்கல் ஏரி நிரம்பி நாரைகள் கூடு கட்டத் தொடங்குவதும் மழையை ஒட்டித்தான். வால்பாறைப் பக்கம் போனால் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். அங்கே இருவாச்சியைத் தேடுகிறவருக்குச் சாரலும் மூடுபனியும் கூடவே வரும்.

அதனால் பைனாகுலர் வாங்கப் போகிறவர் இரண்டு விஷயங்களைக் கேட்கிறார். பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். மழையில் நனைந்தாலும் கெடக் கூடாது. இரண்டும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் சிறியதாக வேண்டும் என்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நனையாததால் கிடைக்கும் பெரிய லாபம் மழையிலிருந்து காப்பு என்று நாமே தப்பாக நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் அளவு. பைனாகுலரின் மேல் 8×25 என்று எழுதியிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பது. 25 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 25ஐ 8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.1 வரும். கண்ணருகு லென்ஸிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் இந்த 3.1 மில்லிமீட்டர்தான். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பினால், கண்ணருகு லென்ஸின் நடுவே சின்ன வெள்ளை வட்டமாக இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த வட்டத்தை நம் கண்மணியின் அளவோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெயிலில் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் திறந்திருக்கும். பெரிய 8×42 பைனாகுலர் 5.25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளியை அனுப்பினாலும், கண்ணுக்குள் நுழைவது கண்மணி அனுமதிக்கும் அளவுதான்; மிச்சம் கருவிழியின் மேல் பட்டு வீணாகிறது. அதாவது பகல் பன்னிரண்டு மணிக்குப் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க 8×25-ம் 8×42-ம் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தைத்தான் தரும். கடையில் குழல்விளக்குக்கு அடியில் சோதித்துப் பார்க்கும்போதும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏமாற்றம் பிறகுதான் வரும்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை. புதருக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். அந்த நேரத்தில், மரநிழலில், உங்கள் கண்மணி 5 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கிறது என்று வையுங்கள். 8×42 அதை முழுதாக நிரப்பிவிடும். 8×25 அனுப்பும் 3.1 மில்லிமீட்டர் வட்டமோ அந்தப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் நிரப்பும். 10×25 என்றால் வட்டம் 2.5 மில்லிமீட்டர், நிரம்புவது கால் பங்கு மட்டுமே. அதே 10×25-ஐத்தான் “அதிக சக்தி” என்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்காதீர்கள் என்பதே என் கட்சி. பறவை பத்து மடங்கு பெரிதாகும்போது கைநடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகிறது. கனமில்லாத சின்னப் பைனாகுலர் கையில் இன்னும் அதிகமாக ஆடும்.

நடுவில் 8×32 என்று ஓர் அளவு இருக்கிறது. வட்டம் 4 மில்லிமீட்டர். அதே அந்தி வெளிச்சத்தில் கண்மணியின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். எடை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். சட்டைப்பையில் அடங்காது, தோள்பையில் தாராளமாக அடங்கும். காட்டுக்குள் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஏரிக்கரை, கடற்கரை, வயல்வெளி என்று திறந்த இடங்களில் பகலில் மட்டும் பார்ப்பவருக்கு 8×25 போதும். ஒரு தொல்லை மட்டும் உண்டு: ஒளிவட்டம் சிறியதாக இருப்பதால் கண்ணைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்; கொஞ்சம் விலகினாலும் கறுப்பு நிழல் குறுக்கே வரும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள், கண்ணருகு லென்ஸிலிருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் கண் தள்ளியிருந்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குழாயை இவ்வளவு குட்டையாக்க முடிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகங்கள். இரண்டு லென்ஸ்களை மட்டும் வைத்தால் பறவை தலைகீழாகத் தெரியும். பட்டகங்கள் அதை நிமிர்த்துகின்றன, கூடவே ஒளியை மடக்கி மடக்கி அனுப்பிக் குழாயின் நீளத்தைக் குறைக்கின்றன. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் இப்படியொரு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1894இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் அதே கருத்தில் பைனாகுலர்களை விற்கத் தொடங்கியது. தோள்பட்டை போல் இருபுறமும் புடைத்து நிற்கும் பழைய பைனாகுலர்கள் போரோ வகை. இன்று கடையில் கிடைக்கும், நேரான இரு குழாய்கள் கொண்ட மெலிந்த பைனாகுலர்களில் இருப்பவை கூரைப் பட்டகங்கள்: இரண்டு பரப்புகள் வீட்டுக் கூரைபோல 90 பாகையில் சந்திக்கும்.

கூரைப் பட்டகத்தைச் செய்வது கடினம். கூரையின் முகட்டில் ஒளி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி இடப்பக்கப் பரப்பில் பட்டு வலப்பக்கம் போகிறது. மறுபாதி வலப்பக்கம் பட்டு இடப்பக்கம் போகிறது. இந்த இரு பாதிகளின் அலைகளும் எதிரொளிக்கும்போது ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாகிவிடுகின்றன. மறுபடி ஒன்றுசேரும் இடத்தில் அலைமுகடும் அலைமுகடும் சரியாகப் பொருந்தாமல், பிம்பத்தின் கூர்மை குறைகிறது. ஜைஸ் 1988இல் கூரைப் பரப்பின் மேல் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்து இந்த முரணைச் சரிசெய்தது. கட்டத் திருத்தப் பூச்சு என்று இதைச் சொல்லலாம். இன்று நடுத்தர விலைப் பைனாகுலர்களிலும் இது கிடைக்கிறது. விவரக்குறிப்பில் “ஃபேஸ் கோட்டிங்” என்ற சொல் இல்லாவிட்டால், பூச்சும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போரோ பட்டகத்தில் ஒளி இப்படிப் பிரிவதே இல்லை. அதனால்தான் குறைந்த விலையில் வாங்கினால் போரோவின் படம் கூரை வகையின் படத்தைவிட நன்றாக இருக்கிறது.

பூச்சு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாயில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் 12 இருந்தால், பூச்சில்லாமல் கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது 61 விழுக்காடுதான். சிறிய லென்ஸ் சேர்த்துக்கொடுக்கும் ஒளியே கொஞ்சம். அதிலும் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விட்டால் என்ன மிஞ்சும்? ஜைஸில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935இல் இதற்கு வழி கண்டார். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள பூச்சைக் கண்ணாடியின் மேல் படியவைத்தால், பூச்சின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இப்போது பல அடுக்குகளாகப் பூசுகிறார்கள். இழப்பு ஒரு பரப்புக்கு அரை விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது. அப்படியானால் 12 பரப்புகளைத் தாண்டியும் 94 விழுக்காடு வரும். முன் லென்ஸில் குழல்விளக்கின் பிம்பங்களைப் பாருங்கள். எல்லாம் மங்கலான பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் நல்லது. நடுவே ஒன்று வெள்ளையாகப் பளிச்சிட்டால், உள்ளே ஏதோ ஒரு பரப்பைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். மாணிக்கம் போலச் சிவப்பாக மினுக்கும் லென்ஸ் என்றால் கடையை விட்டே வந்துவிடலாம். அது சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு உலகத்தையே நீலம்பாய்ந்து காட்டும்.

சரி, நீருக்கு வருவோம்.

மழைத்துளி பைனாகுலருக்குள் புகுவது அரிது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் நீராவிதான் தொல்லை. சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். பைனாகுலருக்குள் 100 மில்லிலிட்டர் காற்று இருப்பதாகக் கொண்டால், அதில் 2.4 மில்லிகிராம் நீராவி. அந்தப் பைனாகுலரை எடுத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் ஊட்டிக்குப் போகிறீர்கள். விடியலில் அங்கே 8 டிகிரி. அந்தக் குளிரில் 100 மில்லிலிட்டர் காற்றால் 0.8 மில்லிகிராம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். மீதி ஒன்றரை மில்லிகிராம் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியின் மேல் நுண்துளிகளாகப் படியும். ஒன்றரை மில்லிகிராம் என்பது ஒரு சொட்டில் சிறு பங்குதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான துளிகளாகச் சிதறி ஒளியை எல்லாத் திசைக்கும் திருப்பிவிட அது போதும். துணியால் துடைக்கவும் முடியாது, உள்ளே அல்லவா இருக்கிறது!

இதைத் தடுக்க உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு, உலர்ந்த நைட்ரஜனையோ ஆர்கானையோ நிரப்புகிறார்கள். மூட்டுகளில் எல்லாம் ரப்பர் வளையங்கள் வைத்து அடைக்கிறார்கள். ஆர்கான் உயர்ந்ததா, நைட்ரஜன் உயர்ந்ததா என்ற விளம்பரச் சண்டையில் இறங்க வேண்டாம். இங்கே வேலை செய்வது வாயு எது என்பதல்ல. அதில் நீராவி இல்லை என்பதுதான்.

பைனாகுலரின் குவியத்தைச் சரிசெய்ய ஏதாவது ஒரு லென்ஸ் நகர்ந்தாக வேண்டும். பழைய போரோ வகைகளில் கண்ணருகு லென்ஸ்களே வெளியே வந்து உள்ளே போகும். ஒவ்வொரு முறை திருகும்போதும் சைக்கிள் பம்பு போல வெளிக்காற்றை இழுத்துத் தள்ளும். ஈரமும் தூசியும் தாராளமாக நுழையும். இன்றைய கூரை வகைகளில் குழாய்க்குள்ளே ஒரு லென்ஸ் மட்டும் முன்பின் நகர்கிறது, வெளியுறை அசைவதில்லை. அதனால் அடைப்பது எளிது. சிறிய, நனையாத பைனாகுலர்கள் பெரும்பாலும் கூரை வகையாக இருப்பதற்கு இதுவும் காரணம். வண்ணத்துப்பூச்சி ஆர்வலர்கள் விரும்பும் பென்டாக்ஸ் பாப்பிலியோ 50 சென்டிமீட்டர் அருகில் உள்ளதைக்கூடத் தெளிவாகக் காட்டும். அதற்காக முன் லென்ஸ்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நகர்கின்றன. அற்புதமான கருவி, ஆனால் நீர்காப்பு கிடையாது.

பெட்டியின் மேல் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. நம் ஊருக்குக் குறைந்தது இந்த ஏழு வேண்டும். வெறுமனே “மழை தாங்கும்” என்ற வாசகத்துக்கு வாயு நிரப்பியிருக்கிறது என்று பொருளில்லை.

“பனி படியாது” என்ற வாசகத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். உள்ளே படியாது, அவ்வளவுதான். மேலே சொன்ன சென்னைக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். காரில் குளிர்சாதனத்தை 24இல் வைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்கு வந்து, இறங்கியதும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் வெளிப்பக்க லென்ஸ் மங்கத்தான் செய்யும். பைனாகுலர் பழுது என்று பதற வேண்டாம். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே குளிர்சாதனத்தை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குப் பிடித்த இன்னொரு விருந்தாளி பூஞ்சை. லென்ஸின் மேல் சிலந்தி வலைபோல் படர்ந்து, அது விடும் அமிலம் பூச்சையே அரித்துவிடும். உலர்ந்த வாயு அடைத்த குழாய்க்குள் அதற்குப் பிழைப்பில்லை, வெளிப்பரப்பில் உண்டு. தோலுறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் அதை வளர்க்கச் சிறந்த வழி. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூள்தான் ஒட்டும்.

கோடிக்கரையிலும் பழவேற்காட்டிலும் உப்புக்காற்றில் திரிந்துவிட்டு வந்தால் லென்ஸில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் அந்த மணலே பூச்சைக் கீறிவிடும். ஐபிஎக்ஸ்7 பைனாகுலர் என்றால் குழாயடியில் மெல்ல நீர் விட்டு அலசிவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றலாம். நீர்காப்புக்குக் கொடுத்த காசு மழையைவிட இந்த அலசலில்தான் எனக்கு அதிகம் கழிந்திருக்கிறது.

அடைப்பு உண்மையிலேயே அடைப்புதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பைனாகுலரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் வெளிப்பரப்பில் பனி படியும். அதைத் துடைத்துக்கொண்டே, முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துணிக்கு அகப்படாத மங்கல் ஒன்று உள்ளே தெரிந்தால் அந்தக் குழாயில் ஈரக்காற்று இருக்கிறது. நீங்களே திருகைக் கழற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வாயு போவதோடு, இரு குழாய்களும் ஒரே புள்ளியை நோக்கும் ஒழுங்கும் கெட்டுவிடும். வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட்டால் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார்.